ஒரு மைல் எத்தனை காசு?

"சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் திட்டத்தில் ஒரு லட்சம் மைல் சேர்த்துவிட்டேன்" என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, "எதற்கு?" என்பதுதான். பெரும்பாலானவர்களிடம் அதற்குப் பதில் இருக்காது. எந்த அட்டையைத் தேய்த்தால் எத்தனை மைல் என்பது மட்டும் சிங்கப்பூரில் எல்லோருக்கும் மனப்பாடம். சேர்க்கும் வித்தையைச் சொல்லித்தர ஆள் நிறைய உண்டு. செலவழிக்கும் வித்தை தெரிந்தவர்கள் குறைவு. லாபமோ நஷ்டமோ அங்கேதான் தீர்மானமாகிறது.

எனக்கு ஊர் தேனிப் பக்கம், பிழைப்பு சிங்கப்பூரில். ஊருக்குப் போவதும் அம்மாவை இங்கே அழைத்து வருவதும் ஒவ்வோர் ஆண்டும் உள்ள செலவு. அந்தச் செலவைக் குறைக்க மைல்களைப் பயன்படுத்தியதில் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு வகுத்தல் கணக்கு

பயணச்சீட்டின் ரொக்க விலையை எடுத்துக்கொள்ளுங்கள். மைலில் எடுத்தாலும் விமான நிலைய வரிகளைக் கையிலிருந்துதான் கட்ட வேண்டும், அதைக் கழியுங்கள். மிச்சத்தை, தேவைப்படும் மைல்களால் வகுங்கள். ஒரு மைலின் மதிப்பு கிடைத்துவிடும்.

உதாரணத்துக்கு, ஊருக்குப் போய்வர 40,000 மைலும் 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரியும் என்று வைத்துக்கொள்வோம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் அதே சீட்டு ரொக்கத்தில் 700 வெள்ளி என்றால், மிச்சமாவது 600 வெள்ளி. ஒரு மைலுக்கு ஒன்றரைக் காசு. பிப்ரவரியில் அதுவே 380 வெள்ளிக்குக் கிடைத்தால் மைலுக்கு 0.7 காசுதான் தேறும். அதே இருக்கை, அதே சாப்பாடு, மதிப்பு மட்டும் பாதிக்கும் கீழே. அதனால் விலை மலிந்த மாதங்களில் பணம் கொடுத்துப் போகிறேன். பள்ளி விடுமுறைக்கும் தீபாவளிக்கும் மைலை எடுக்கிறேன். திருச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் ஸ்கூட் விமானம் மலிவாகக் கிடைக்கும் நாள்களில் மைலைத் தொடுவதே வீண்.

இந்தக் கணக்கில் ஒரு பொய்யும் ஒளிந்திருக்கிறது. "2,000 வெள்ளி பிசினஸ் வகுப்பு டிக்கெட்டை மைலில் எடுத்தேன், 2,000 வெள்ளி லாபம்" என்பார்கள். மைல் இல்லாவிட்டால் அந்த 2,000 வெள்ளியைக் கொடுத்து ஏறியிருப்பீர்களா? மாட்டீர்கள் என்றால், எவ்வளவு வரை கொடுக்க மனம் வந்திருக்குமோ அந்தத் தொகையை வைத்துத்தான் வகுக்க வேண்டும்.

மைலை விலைக்கு வாங்காதீர்கள்

வாங்குகிறோம் என்று தெரியாமலே வாங்குவோம். கடன் அட்டையின் ஆண்டுக் கட்டணம் 196.20 வெள்ளி, கட்டினால் 10,000 மைல் இலவசம் என்று குறுஞ்செய்தி வரும். ஒரு மைல் ஏறத்தாழ இரண்டு காசு விழுகிறது. ஒன்றரைக் காசுக்குச் செலவழிக்கப்போகும் பொருளை இரண்டு காசு கொடுத்து வாங்குவானேன்? வங்கிக்கு ஒரு போன் போட்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லுங்கள். பல நேரம் செய்துவிடுவார்கள்.

ஊரில் அட்டையைத் தேய்ப்பதும் இதே கதைதான். மதுரையில் ஒரு நகைக்கடையில் பில் போட்ட தம்பி இயந்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், டாலர்ல போடவா, ரூபாய்ல போடவா?" என்றார். கேட்காமலே டாலரை அழுத்திவிடும் கடைகளும் உண்டு. "ரூபாயிலேயே போடுங்க தம்பி" என்றேன். வெள்ளியில் போட்டால் கடைப் பக்கம் வைக்கிற மாற்று விகிதம் நமக்குப் பாதகமாக இருக்கும். அதற்கு மேலும் 1 விழுக்காடு பிடிக்கும் வங்கிகள் உண்டு. ரூபாயில் போட்டாலும் சிங்கப்பூர் அட்டைக்கு ஏறக்குறைய 3.25 விழுக்காடு அந்நியச் செலாவணிக் கட்டணம் உண்டு. வெளிநாட்டுச் செலவுக்கு வெள்ளிக்கு 2.2 மைல் தரும் அட்டை என்றால், ஒரு மைலை ஒன்றரைக் காசுக்கு வாங்கியதாக அர்த்தம். சின்னச் செலவுக்குப் பரவாயில்லை. நகைக்கு, முன்கூட்டியே ஊர்க் கணக்குக்கு அனுப்பிய பணம்தான் மலிவு.

அட்டைகளையும் இந்தக் கண்ணாலேயே பார்க்கிறேன். சாதாரணச் செலவுக்கு வெள்ளிக்கு 1.2 மைல் தரும் அட்டையும், 1.5 விழுக்காட்டுக்கு மேல் ரொக்கம் திருப்பித் தரும் அட்டையும் சந்தையில் இருக்கின்றன. மைலை 0.7 காசுக்குச் செலவழிப்பவருக்கு முதல் அட்டை தருவது 0.84 விழுக்காடு. அவர் ரொக்க அட்டை வைத்திருப்பதே மேல். இணையத்தில் வாங்குவது, தட்டிச் செலுத்துவது என்று குறிப்பிட்ட செலவுக்கு மட்டும் 4 மைல் தரும் அட்டைகளில்தான் மைல் நிஜமாகவே சேரும். அவற்றுக்கு மாத வரம்பு உண்டு. காப்புறுதி, மருத்துவமனை, பள்ளிக் கட்டணம், அரசாங்கக் கட்டணம் இவற்றுக்குப் பல வங்கிகள் எதுவும் தருவதில்லை. மாதக் கடைசியில் பில்லை முழுசாகக் கட்டாதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். ஆண்டுக்கு 27, 28 விழுக்காடு வட்டியை எந்த மைலும் ஈடுகட்டாது.

வாடும் பொருள்

கிரிஸ்ஃபிளையர் மைலுக்கு ஆயுள் மூன்று ஆண்டு. அதற்குள்ளேயே தேய்மானமும் உண்டு: 2017, 2019, 2022, 2025 என்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேவைப்படும் மைல்களின் அளவை ஏற்றியிருக்கிறார்கள். வைத்திருந்தால் வளராது. பூக்காரம்மா கையிலுள்ள மல்லிகை மாதிரி, வாடுவதற்குள் கைமாற வேண்டும்.

அதற்காகப் புள்ளிகளை உடனுக்குடன் விமான நிறுவனத்துக்கு மாற்றிவிடாதீர்கள். காலாவதியாகாத வங்கிப் புள்ளிகள் இருக்கின்றன. மாற்றிய நாளிலிருந்துதான் மூன்றாண்டுக் கடிகாரம் ஓடத் தொடங்கும். மாற்றியதைத் திருப்பவும் முடியாது. ஒவ்வொரு முறையும் 25 வெள்ளியும் ஜிஎஸ்டியும் வாங்கும் வங்கிகளே அதிகம். எனவே சேர்த்து வைத்து மொத்தமாக மாற்றுங்கள். மாற்ற வேண்டிய நேரம், போகும் தேதி முடிவாகி, இருக்கை இருக்கிறதா என்று பார்த்த பிறகு.

இருக்கை தேடும் முறை

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இருக்கைகள் 355 நாள்களுக்கு முன்பே திறந்துவிடும். டிசம்பருக்குப் போகிறவர்கள் முந்தைய டிசம்பரிலிருந்தே பார்க்கலாம். குறைந்த மைலில் கிடைக்கும் 'சேவர்' இருக்கை இல்லையென்றால் காத்திருப்புப் பட்டியலில் பெயர் போடலாம். தேதி நம் கையில் இருந்தால், மாதாமாதம் வரும் 'ஸ்பான்டேனியஸ் எஸ்கேப்ஸ்' சலுகையில் குறிப்பிட்ட தடங்களுக்கு 30 விழுக்காடு குறையும். அதில் எடுத்த சீட்டை மாற்றவோ ரத்து செய்யவோ முடியாது.

நம்மில் பலர் சென்னையை மட்டும் தேடிவிட்டு "இடமே இல்லை" என்பார்கள். மைல் கணக்கு மண்டலத்துக்குத்தான். சென்னைக்கும் பெங்களூருக்கும் கொச்சிக்கும் அதே மைல். கொச்சியில் இறங்கிக் குமுளி வழியாகக் காரில் வந்தால், சென்னையிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டர் வருவதைவிடச் சீக்கிரமாக நான் வீட்டில் இருப்பேன். கோயம்புத்தூர், பொள்ளாச்சிக்காரர்களுக்கும் கொச்சி பக்கம். கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூர்.

யாருக்காக எடுக்கிறோம்?

உங்கள் மைலில் ஐந்து பேர் வரை நியமித்து அவர்களுக்கும் டிக்கெட் எடுக்கலாம். அம்மாவின் பெயரை நியமிக்கும்போது பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்த்து அடித்தேன். நம்மவர் பெயர்களில் இனிஷியல் ஓர் ஆவணத்தில் ஓர் எழுத்தாகவும் இன்னொன்றில் அப்பாவின் முழுப்பெயராகவும் இருக்கும். பதிவில் பெயர் பிசகினால் டிக்கெட்டிலும் பிசகும்.

எனக்கு எகானமி போதும். கொச்சியிலிருந்து இரவு விமானத்தில் வரும் எழுபது வயதுக்காரருக்குக் கால் நீட்டிப் படுக்க ஓர் இடம் கிடைப்பதில் உள்ள மதிப்பை எந்த வகுத்தலிலும் காட்ட முடியாது. அதற்கு என் மைல்களில் பெரும்பகுதியைக் கொடுப்பதில் எனக்கு யோசனையே இல்லை.

அவசரத்துக்கு ஒரு கையிருப்பு

வெளிநாட்டில் இருப்பவர்கள் எல்லோரும் அஞ்சுகிற போன் ஒன்று உண்டு. அது வந்தால் அன்றைக்கே கிளம்ப வேண்டும். அன்றைய ரொக்க விலை வாயில் வராத அளவுக்கு ஏறியிருக்கும். மைலில் 'சேவர்', அதைவிடக் கூடுதல் மைல் கேட்கும் 'அட்வான்டேஜ்' ஆகிய இருக்கைகளுக்கு மட்டும் விலைப்பட்டியலில் உள்ள மைல்தான். கடைசி நேரம் என்பதற்காக ஏறாது. மைலின் மதிப்பு உச்சத்துக்குப் போகும் சந்தர்ப்பம் அது. ஆனால் பல வங்கிகளிலிருந்து புள்ளிகள் வந்து சேர நாள் கணக்காகும். அவசரத்தில் அது உதவாது. ஆகவே 'அட்வான்டேஜ்' விலையில் ஒருவர் ஊருக்குப் போய்வரத் தேவையான மைலை எப்போதும் கிரிஸ்ஃபிளையர் கணக்கிலேயே வைத்திருங்கள். காலாவதி நெருங்கும்போது அதை ஒரு விடுமுறைக்குச் செலவழித்துவிட்டு, வங்கியிலிருந்து புதிதாக நிரப்பிக்கொள்ளுங்கள்.

மற்றபடி, கணக்கைத் திறந்தால் முதலில் மொத்த எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். எவ்வளவு மைல் எந்த மாதத்தில் காலாவதியாகிறது என்று பாருங்கள். அந்த மாதத்துக்கு முன்னால் வீட்டில் யாருக்கு எங்கே போக வேண்டியிருக்கிறது என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் இந்த ஆண்டு உங்களுக்கு ரொக்க அட்டையே போதும்.