டாப் லிங்க் ஹைட்ராலிக் ஆகும்போது: சரியான சிலிண்டர் அளவை எப்படிக் கணக்குப் போடுவது?



மெக்கானிக்ஸில் மொமெண்ட், ஸ்ட்ரெங்த் பேப்பரில் பக்லிங், ஃப்ளூயிட் பவரில் டபுள் ஆக்டிங் சிலிண்டர். மூணையும் தனித்தனியாப் படிச்சு, தனித்தனியா எக்ஸாம் எழுதி, தனித்தனியா மறந்தும் போயிடறோம். இந்த மூணும் ஒண்ணாக் கூடி நிக்கிற ஒரு இடம் நம்ம காலேஜ் கேட்டுக்கு வெளியிலேயே இருக்கு. மதுக்கரை, எட்டிமடை, திருமலையாம்பாளையம் பக்கம் எந்தத் தோட்டத்து டிராக்டரையும் பின்னாடி போய்ப் பாருங்க. கீழே ரெண்டு கை, மேலே நடுவில் ஒரு திருகுக் கம்பி. அந்த மேல் கம்பிதான் டாப் லிங்க்.

கையால் திருகி நீட்டிக் குறைக்கிற அந்தக் கம்பிக்குப் பதிலாக, சீட்டில் உட்கார்ந்தபடியே லீவரைத் தட்டினால் நீளுகிற சிலிண்டரைப் போடலாம். அதுதான் ஹைட்ராலிக் டாப் லிங்க். "எந்த சைஸ் வாங்கறதுங்க தம்பி?" என்று ஒரு விவசாயி கேட்டால் இன்ஜினியரிங் படிக்கிற நாம் என்ன சொல்வோம்? அதற்கான பாடம்தான் இது.

முதலில், டாப் லிங்க் என்ன வேலை செய்கிறது?

பழைய டிராக்டர்கள் கலப்பையைச் சங்கிலியில் கட்டி இழுத்தமாதிரி இழுத்தன. கொழு பாறையில் மாட்டினால் பின்சக்கரம் நிற்காமல் சுற்றப் பார்க்கும், முன்பக்கம் தூக்கும், டிராக்டர் மல்லாக்கக் கவிழும். ஓட்டுநர்கள் பலர் இப்படி உயிரிழந்தார்கள். அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன் இதற்குத் தீர்வு கண்டார். கருவியை மூன்று புள்ளியில் டிராக்டரோடு இணைத்து, ஹைட்ராலிக்கால் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் அவருடைய முறைக்கு 1926-ல் பிரிட்டனில் காப்புரிமை கிடைத்தது. 1939-ல் ஃபோர்டு 9என் டிராக்டரில் இந்த முறை வந்த பிறகு உலகம் முழுக்கப் பரவியது. 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் மாஸி ஃபெர்குசன் வண்டிகளில் இருக்கும் 'ஃபெர்குசன்' இவருடைய பெயர்தான்.

சூட்சுமம் இதுதான். மண்ணின் எதிர்ப்பு கொழுவைப் பின்னால் தள்ளும்போது, கருவியின் மேல் முனை முன்னால் சாயப் பார்க்கும். அப்போது டாப் லிங்க் அமுக்கப்பட்டு டிராக்டரை முன்னோக்கித் தள்ளும். அதனால் முன்சக்கரம் தூக்காமல் தரையிலேயே நிற்கும். கருவியை மேலே தூக்கிவிட்டால் நிலைமை தலைகீழ். கருவியின் எடை பின்னால் தொங்கும், டாப் லிங்க் இழுபடும். ஆக, ஒரே கம்பி உழும்போது அமுக்க விசையிலும், தூக்கும்போது இழுவிசையிலும் வேலை செய்கிறது. நம் சிலிண்டர் ரெண்டுக்கும் தாங்க வேண்டும்.

படி 1: பின் அளவு

மூன்று புள்ளி இணைப்புக்கு ஐ.எஸ்.ஓ 730 என்ற தர அளவு இருக்கிறது. நமக்குத் தேவையானது ரெண்டு வகைதான்.

கேட்டகிரி 1: மேல் பின் 19 மி.மீ., கீழ் பின் 22 மி.மீ., கருவியில் மேல் புள்ளிக்கும் கீழ்ப் புள்ளிக்கும் இடையே உயரம் 460 மி.மீ.

கேட்டகிரி 2: மேல் பின் 25 மி.மீ., கீழ் பின் 28 மி.மீ., உயரம் 610 மி.மீ.

45 எச்.பி. வரை முதல் வகை, 40-லிருந்து 100 எச்.பி. வரை இரண்டாம் வகை என்று தோராயமாகச் சொல்வார்கள். நம்ம பக்கம் ஓடுகிற வண்டிகளில் நிறைய 40-லிருந்து 50 எச்.பி.க்குள் இருப்பவை. அதாவது ரெண்டு வகையும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற இடம். அதனால் எச்.பி.யைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். வெர்னியரை எடுத்துக்கொண்டு போய் ரெண்டு பக்கப் பின்னையும் அளந்து பாருங்க. டிராக்டர் பக்கம் ஒரு அளவும் கருவி பக்கம் வேறு அளவும் இருக்கலாம்.

படி 2: நீளம்

இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுவது. சிலிண்டருக்கு ஒரு நீளம் கிடையாது, ரெண்டு நீளம்: மூடிய நீளம், திறந்த நீளம். ரெண்டையும் பின் மையத்திலிருந்து பின் மையம் வரை அளக்க வேண்டும்.

கருவியை மாட்டி, சமதரையில் சரியான நிலையில் வைத்து, இப்போதுள்ள திருகு டாப் லிங்கை அளங்க. 620 மி.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கருவியை முன்சாய்க்க 60 மி.மீ. குறைய வேண்டும், பின்சாய்க்க 90 மி.மீ. கூட வேண்டும் என்றால் நமக்குத் தேவை 560-லிருந்து 710 வரை.

சிலிண்டரில் பிஸ்டன், கிளாண்ட், ரெண்டு பக்கக் கண் என்று நகராத பகுதி ஒன்று உண்டு. அது 320 மி.மீ. என்றால், 200 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள சிலிண்டரின் மூடிய நீளம் 520, திறந்த நீளம் 720. நம் தேவை முழுக்க இதற்குள் அடங்குகிறது. வேலை செய்யும் நீளமான 620 சரியாக நடுவில் விழுகிறது. இதுதான் நல்ல தேர்வு. "ஸ்ட்ரோக் அதிகமா இருந்தா நல்லதுதானே" என்று 300 எடுத்தால் மூடிய நீளமே 620 ஆகிவிடும். அப்புறம் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறைக்க முடியாது.

இந்த மில்லிமீட்டருக்கு என்ன மதிப்பு? உயரம் 610 மி.மீ. உள்ள கருவியில் டாப் லிங்க் 10 மி.மீ. மாறினால், கீழ்ப் பின்னிலிருந்து 1 மீட்டர் பின்னாலிருக்கும் கொழு ஏறக்குறைய 16 மி.மீ. ஏறி இறங்கும். லெவலிங் பிளேடு போட்டு வயலைச் சமப்படுத்துபவருக்கு இது பெரிய வித்தியாசம்.

படி 3: விசை

உதாரணத்துக்கு 400 கிலோ எடையுள்ள இரண்டு கொழு ரிவர்சிபிள் கலப்பை. எடை மையம் கீழ்ப் பின்னிலிருந்து 0.7 மீட்டர் பின்னால். இணைப்பு கேட்டகிரி 2. டாப் லிங்க் ஏறத்தாழப் படுக்கையாக இருப்பதாகக் கொள்வோம். கீழ்ப் பின்னைச் சுற்றி மொமெண்ட் எடுக்கலாம்.

தூக்கிய நிலை: எடை 3.92 கிலோ நியூட்டன். 3.92 × 0.7 ÷ 0.61 = 4.5 கிலோ நியூட்டன் இழுவிசை. இது வண்டி நிற்கும்போது. கருவியைத் தூக்கிக்கொண்டு வரப்பிலும் குழியிலும் குலுங்கிப் போகும்போது மூன்று மடங்கு என்று எடுத்தால் 13.5 கிலோ நியூட்டன்.

உழும் நிலை: ரெண்டு கொழு, ஒவ்வொன்றும் 30 செ.மீ. அகலம், 25 செ.மீ. ஆழம். மொத்த வெட்டுப் பரப்பு 1500 சதுர செ.மீ. மண்ணின் எதிர்ப்பு சதுர செ.மீ.க்கு 8 நியூட்டன் என்றால் இழுவை 12 கிலோ நியூட்டன். இது கீழ்ப் பின்னுக்கு 0.45 மீட்டர் கீழே செயல்படுகிறது. (12 × 0.45 − 3.92 × 0.7) ÷ 0.61 = ஏறக்குறைய 4.3 கிலோ நியூட்டன் அமுக்க விசை.

ஆனால் நம்ம ஊரில் மண் மட்டும் இல்லையே. சுண்ணாம்புக்கல் கிடைக்கிறது என்றுதான் 1934-லேயே மதுக்கரையில் சிமென்ட் ஆலை வந்தது. அதே கல் தோட்டத்துக்கு அடியிலும் சுக்கான் கல்லாகக் கிடக்கும். கொழு அதில் மோதி இழுவை ஒரு கணம் 30 கிலோ நியூட்டனுக்குப் போனால், டாப் லிங்கில் 17.6 கிலோ நியூட்டன் அமுக்க விசை. டிசைன் செய்ய வேண்டியது இந்த எண்ணுக்குத்தான்.

படி 4: போர், ராடு

டிராக்டரின் ஹைட்ராலிக் அழுத்தம் 160 பார் என்று கொள்வோம். அதாவது சதுர மி.மீ.க்கு 16 நியூட்டன். உங்கள் வண்டிக்கு உண்மையான எண் வேண்டுமென்றால், மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசின் டிராக்டர் சோதனை நிலையம் வெளியிடும் டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பாருங்க.

போர் 50, ராடு 30 மி.மீ. எடுத்துப் பார்ப்போம். பிஸ்டன் முழுப் பரப்பு 1963 சதுர மி.மீ., தள்ளும் விசை 31.4 கிலோ நியூட்டன். ராடு பக்கப் பரப்பு 1257 சதுர மி.மீ., இழுக்கும் விசை 20.1 கிலோ நியூட்டன்.

கல்லில் மோதும்போது உள்ளே எழும் அழுத்தம்: 17,600 ÷ 1963 = 9 நியூட்டன், அதாவது 90 பார். தூக்கிக் குலுங்கும்போது ராடு பக்கம்: 13,500 ÷ 1257 = 10.7 நியூட்டன், அதாவது 107 பார். ரெண்டும் 160-க்குள் இருக்கின்றன. போதும்.

கவனிச்சீங்களா? அமுக்க விசைதான் பெரிசு, ஆனால் அழுத்தம் அதிகமாவது இழுவிசையில். காரணம், ராடு தன் பங்குக்குப் பரப்பைத் தின்றுவிடுகிறது. ஒரு பக்கம் மட்டும் கணக்குப் போட்டு விட்டுவிடக் கூடாது.

படி 5: ராடு வளையுமா?

ஆய்லர் சூத்திரம். முழு நீளம் 720 மி.மீ.யும் வெறும் ராடுதான், ரெண்டு முனையும் பின் இணைப்பு என்று கெட்ட நிலையை எடுத்துக்கொள்வோம். 30 மி.மீ. ராடுக்கு வளையும் விசை ஏறக்குறைய 156 கிலோ நியூட்டன். நம் 17.6-க்கு முன் கிட்டத்தட்ட 9 மடங்கு பாதுகாப்பு. அதே இடத்தில் 20 மி.மீ. ராடு போட்டால் 31 கிலோ நியூட்டன்தான், 1.75 மடங்கு. விட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததற்கு பலம் ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. விட்டத்தின் நான்காம் அடுக்கு என்று போர்டில் எழுதியதன் அர்த்தம் இதுதான்.

படி 6: வேகம்

50 போர், 200 ஸ்ட்ரோக் என்றால் முழுக்க நீள 0.39 லிட்டர் எண்ணெய் போதும். நிமிடத்துக்கு 20 லிட்டர் வந்தாலே 1.2 நொடியில் நீண்டுவிடும். குறுகுவது இன்னும் வேகம், 0.75 நொடி. இந்த வேகத்தில் ஒரு செ.மீ. மட்டும் நகர்த்துவது யாராலும் ஆகாது. ஃப்ளோ கன்ட்ரோல் வால்வு வைத்து நிமிடத்துக்கு 5 லிட்டர் அளவுக்குக் குறைத்தால் 5 நொடி கிடைக்கும். கைக்கு அடங்கும்.

படி 7: வால்வும் லாக்கும்

டிப்பர் டிரெய்லர் தூக்கும் ஒற்றைக் குழாய் அவுட்லெட் இதற்கு உதவாது. தள்ளவும் இழுக்கவும் வேண்டும் என்பதால் ரெண்டு போர்ட் உள்ள டபுள் ஆக்டிங் வால்வு வேண்டும். நம் உதாரணத்தில் ரிவர்சிபிள் கலப்பை திரும்புவதற்கே ஒரு ஜோடி போய்விடும், டாப் லிங்குக்கு இன்னொரு ஜோடி தேவை. சிலிண்டர் வாங்கிய பிறகு இது தெரிந்தால் செலவு இரட்டிப்பாகும்.

அடுத்து, பைலட் செக் வால்வு எனப்படும் லாக் வால்வு. ரெண்டு பக்க எண்ணெயையும் பூட்டி வைப்பது இதுதான். இது சிலிண்டர் மேலேயே பொருத்தப்பட்டிருக்க வேண்டும். ஹோஸ் வெடித்தாலும் கருவி சாயாது. லாக் இல்லாத சிலிண்டர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் டாப் லிங்காகப் போடாதீர்கள்.

ஃபெர்குசன் வழி வந்த பல வண்டிகளில் டாப் லிங்கில் வரும் விசையை வைத்துத்தான் டிராஃப்ட் கன்ட்ரோல் ஆழத்தைத் திருத்துகிறது. சிலிண்டர் பூட்டியிருக்கும்வரை விசை ஒழுங்காகக் கடத்தப்படும். உள்ளே கசிந்து மெல்ல நகர்ந்தால் உழவு ஆழமும் கூடவே மாறும்.

"பெருசாவே ஒண்ணு போட்டுட்டாப் போச்சுல்லீங்க?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். 63 போர், 35 ராடு போட்டால் 160 பாரில் தள்ளும் விசை 50 கிலோ நியூட்டன், அதாவது 5 டன் எடைக்குச் சமம். நமக்கு வேண்டியதோ 17.6. மிச்ச பலம் சும்மா இருக்காது. கருவி எங்காவது மாட்டிக்கொண்டிருக்கும்போது தெரியாமல் லீவரைத் தட்டினால், சிலிண்டருக்கு ஒன்றும் ஆகாது. கருவியின் சட்டமோ, டிராக்டரின் பின்பக்க பிராக்கெட்டோ வளையும். திருகு டாப் லிங்கில் மனிதக் கைக்கு ஒரு எல்லை இருந்தது. இங்கே அந்த எல்லையை நாம்தான் போர் அளவாகத் தேர்ந்தெடுக்கிறோம்.

மாட்டிய பிறகு

முதல் தடவை இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, சிலிண்டரை முழுக்கக் குறுக்கி, கருவியை மெல்லத் தூக்கிப் பாருங்க. டயரிலோ மட்கார்டிலோ இடிக்கிறதா என்று தெரிந்துவிடும். ரோட்டவேட்டர் என்றால் பி.டி.ஓ. ஷாஃப்டின் கோணமும் மாறும். ஷாஃப்ட் சுற்றும்போது டாப் லிங்கை நீட்டி விளையாட வேண்டாம்.

பின்னைக் கழற்றும்போது ரொம்பக் கவனம். இன்ஜினை நிறுத்தி லீவரை ஆட்டினாலும் லாக் வால்வுக்கு உள்ளே அழுத்தம் அப்படியே இருக்கும். கருவி தரையில் முழுசாக உட்கார்ந்து, பின் கையால் சுலபமாகச் சுழல்கிறது என்றால் மட்டுமே உருவ வேண்டும். சுத்தியலால் தட்டித்தான் வரும் என்றால், அந்தப் பின்மேல் இன்னும் பாரம் இருக்கிறது என்று அர்த்தம்.

கடைசியாக, எல்லோருக்கும் இது தேவையா? தென்னந்தோப்பில் ஒன்பது கொத்தும் ரோட்டவேட்டரும் மட்டும் ஓட்டுபவர் டாப் லிங்கை எப்போதாவதுதான் திருகுவார். அவருக்குத் திருகுக் கம்பியே போதும் என்று சொல்லிவிடுங்கள். லெவலிங் பிளேடு, ரிவர்சிபிள் கலப்பை, சரிவு நிலம் என்று அடிக்கடி மாற்ற வேண்டியவருக்குத்தான் இந்தப் பணம் திரும்ப வரும். வேண்டாம் என்று சொல்லத் தெரிவதும் டிசைன்தான்.

நீங்களே போட்டுப் பாருங்க: அதே கலப்பைக்கு 40 போர், 25 ராடு சிலிண்டர் போதுமா? (விடை: அமுக்கத்தில் 140 பார், தாங்கும். இழுவிசையில் 176 பார், 160-ஐத் தாண்டுகிறது. வேண்டாம்.)