மீட்டும் முன் ஒரு மூச்சு

எங்கள் கிட்டார் குழுவில் பன்னிரண்டு பேர். டிசம்பரில் சென்னைத் தேவாலயங்களில் வாசிக்கும் கிறிஸ்துமஸ் கச்சேரிகளுக்கு ஆகஸ்டிலேயே ஒத்திகை தொடங்கிவிடுவோம். ஒன்பது ஆண்டுகளாக இந்தக் குழுவை நடத்துகிறேன். கச்சேரி எப்படி அமையும் என்பதை முதல் நான்கு ஞாயிறுகளே தீர்மானிக்கின்றன என்று உறுதியாகச் சொல்வேன்.

வயலினில் வில் தந்தியைத் தொட்ட பிறகும் ஒலியைக் கூட்டலாம், குறைக்கலாம். கிட்டாரில் விரல் தந்தியை விட்டதும் நம் வேலை முடிந்தது. அதன்பின் ஒலி தேயும், அவ்வளவுதான். பன்னிரண்டு பேர் இம்மியளவு முன்பின்னாக மீட்டினாலும் ஒரே ஸ்வரம் தகரக் கூரையில் கொட்டிய சரளைபோலச் சிதறும். ஆகவே சேர்ந்திசைக்கான வேலை முழுவதும் மீட்டுவதற்கு முன்பே நடக்க வேண்டும்.

தந்தியிலிருந்து தொடங்குங்கள்

புது நைலான் தந்தி சில நாட்களுக்கு நீண்டுகொண்டே இருக்கும். முதல் ஒத்திகைக்குப் பத்து நாள் முன்பே மாற்றி, தினமும் சுருதி சேர்த்து வையுங்கள். எல்லா ட்யூனர்களும் 440 ஹெர்ட்ஸில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு முறை குளிரூட்டிய அரங்கில் வாசிக்க வேண்டியிருந்தது. வெளி அறையிலேயே சுருதி சேர்த்துவிட்டு மேடையேறினோம். முதல் பாட்டுக்குள் சுருதி விலகிவிட்டது. இப்போது வாசிக்கும் இடத்திலேயே கால் மணி நேரம் கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துவிட்டுத்தான் சுருதி சேர்க்கிறோம்.

நான்காம் பகுதியை எளிதென நினைக்காதீர்கள்

பாக்கெல்பெலின் 'கேனன்' மூன்று வயலின்களுக்கும் ஒரு பாஸுக்கும் எழுதப்பட்டது. பாஸில் எட்டே ஸ்வரங்கள். அவையே 28 முறை திரும்ப வரும். அதை நான்கு கிட்டார் பகுதிகளாக வாசித்தபோது, எளிதுதானே என்று பாஸைப் புதியவர்களிடம் கொடுத்தேன். பாதியில் அவர்கள் தடுமாற, மேலே இருந்த மூன்று பகுதிகளும் சேர்ந்து சரிந்தன. தவறு அவர்களுடையதல்ல, என்னுடையது. அன்றிலிருந்து தாளம் அசையாத ஒருவர் பாஸில் உட்காருகிறார்; புதியவர் அவர் பக்கத்தில்.

பத்து நிமிடம், ஒரே தந்தி

ஒவ்வொரு ஒத்திகையும் இப்படித்தான் தொடங்கும்: அரைவட்டமாக உட்கார்ந்து, ஆறாவது தந்தியை எங்கும் அழுத்தாமல் ஒரே ஒரு முறை மீட்டுவோம். எண்ணிக்கை கிடையாது, கையசைப்பு கிடையாது. நான் மூச்சை இழுப்பேன். விடும்போது எல்லோரும் மீட்ட வேண்டும். சென்ற ஆண்டு சேர்ந்த பையன் முதல் நாள் கேட்டான்: "அக்கா, எப்ப ஆரம்பிக்கணும்னு கை காட்டுவீங்களா?"

"கை காட்ட மாட்டேன்பா. என் தோளைப் பாரு."

மெதுவாக வாசியுங்கள்

முதல் மாதம் எல்லாமே பாதி வேகம், பாதி ஒலி. பக்கத்தில் இருப்பவரின் கிட்டார் காதில் விழவில்லையென்றால் நாம் கூடுதலாக ஒலிக்கிறோம் என்று பொருள். கைப்பேசியைக் கூடத்தின் கடைசி வரிசையில் வைத்துப் பதிவு செய்யுங்கள். முன்வரிசையில் காதுக்குத் தப்பிய பிசிறை அது காட்டிக்கொடுக்கும்.

இந்தப் பருவத்துக்கு லியோ ப்ரௌவர் 1984இல் நான்கு கிட்டார்களுக்காக எழுதிய கியூப மழைக்காட்சியை எடுத்திருக்கிறோம். பகுதிக்கு மூன்று பேர். தனித்தனித் துளிகளாகத் தொடங்கி மழை அடர்ந்து கொட்டும் இசை அது. மூவர் மீட்டும் துளி ஒரே துளியாக விழ வேண்டும். சென்ற ஞாயிறு முதல் ஸ்வரத்துக்காக மூச்சை இழுத்தேன். பதினோரு தோள்கள் என்னோடு உயர்ந்தன. அந்தப் பையனின் தோளும்தான். அவன் கண்கள் மூடியிருந்தன.