வெட்டுக் காயம் ஆறும் விதம்

நோட்டன் பிரிட்ஜ் போன்ற மழை மிகுந்த மலைப்பகுதிகளில் மரக்கறி செய்யும் கமக்காரருக்கு மண்வெட்டியாலும் கத்தியாலும் காயம் நேர்தல் இயல்பே. கவ்வாத்துச் செய்த தேயிலை தளிர்ப்பது போன்று வெட்டுண்ட தோலும் மீள வளரும். மேற்றோலின் அடிப்படையிலும் மயிர்ப்புடைப்புகளிலும் உள்ள மூலக் கலங்கள் பெருகிப் புண்ணை மூடுகின்றன. அவற்றைத் தூண்டுவன வளர்ச்சிக் காரணிகளாம். பூட்டிற் பொருந்தும் திறப்பைப் போல, இவை கலத்தின் மேலுள்ள வாங்கிகளிற் பொருந்தியதும் கலம் பிரியத் தொடங்கும். இக்காரணிகளைக் கண்டறிந்த ஸ்டான்லி கோகனும் ரீட்டா லெவி-மொண்டல்சினியும் 1986இல் நோபல் பரிசு பெற்றனர்.

கவனிக்க வேண்டியவை:

1. காயத்தை ஓடும் சுத்த நீரால் நன்கு கழுவுதல் வேண்டும்.
2. சாணம், சாம்பல் இடலாகாது. கிருமி பெருகின் புதிய கலங்கள் அழியும்.
3. சுத்தமான துணியால் மூடுதல் வேண்டும். ஈரப்பதமுள்ள புண்ணில் கலங்கள் எளிதிற் பரவும்.
4. மண்பட்ட ஆழமான காயத்தால் ஏற்புவலி உண்டாகி உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆதலின் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்க.