மவுஸ் இல்லாமல் ஆட்டோகேட்: கீபோர்டிலேயே ஒரு கோயில் பிளான்

ஆட்டோகேட் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது மவுஸ்தான். வீல் மவுஸைச் சுழற்றினால் ஸூம், அழுத்திப் பிடித்து இழுத்தால் பான். ஆனால் மவுஸ் திடீரென்று வேலை செய்யாமல் போய், மறுநாள் காலையில் பிளான் கொடுத்தாக வேண்டுமென்றால் என்ன செய்வது? இது மவுஸ் பழுதான ஒருவரின் பிரச்சினை மட்டுமல்ல. மணிக்கட்டு வலியால் அவதிப்படும் டிராப்ட்ஸ்மேன்கள் இருக்கிறார்கள். கை நடுக்கம் உள்ளவர்களுக்கு ஒரு கோட்டின் நுனியைக் குறி பார்த்து க்ளிக் செய்வதே போராட்டம். "மவுஸ் பிடிக்க முடியாதா, அப்படியானால் கேட் உனக்குச் சரிப்படாது" என்று அவர்களிடம் சொல்லிவிடுவது அவசரப்பட்ட தீர்ப்பு.

ஏனென்றால் இந்த மென்பொருள் பிறந்தது கட்டளைகளோடு. ஆட்டோகேட் வெளிவந்த ஆண்டு 1982. அன்று பெரும்பாலான பர்சனல் கம்ப்யூட்டர்களில் மவுஸே கிடையாது. டாஸ் காலத்து ஆட்டோகேடில் அம்புக்குறி கீகளாலேயே திரையில் உள்ள குறுக்குக் கோட்டை நகர்த்தலாம். 1997ல் வந்த ரிலீஸ் 14 விண்டோஸுக்கு மட்டும் என்றானது. ஆனாலும் கமாண்ட் லைன் மட்டும் போகவில்லை. இன்றைய பதிப்புகளிலும் அது திரையின் கீழே காத்திருக்கிறது.

பயிற்சிக்கு நம் புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்தே ஒன்றை எடுத்துக்கொள்வோம். நார்த்தாமலையில் மேலமலை மீது இருக்கும் விஜயாலய சோழீச்சுரம், 9ம் நூற்றாண்டுக் கற்றளி. மேற்கு பார்த்த கோயில். இதன் கருவறை வட்டம். அதைச் சுற்றி நிற்கும் வெளிச்சுவர் சதுரம். முன்னால் ஒரு மண்டபம். சதுரத்துக்குள் வட்டம் என்பதால் கேட் படிப்பவருக்கு இதைவிட நல்ல பாடம் அமையாது. கீழே உள்ள அளவுகள் பயிற்சிக்காக நாம் வைத்துக்கொண்டவை, கோயிலில் அளந்தவை அல்ல.

தொடங்கும் முன் இரண்டு விஷயம். கட்டளைகளை உச்சரிப்பில் தந்திருக்கிறோம். கீபோர்டில் அதற்குரிய ஆங்கில எழுத்துகளைத் தட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு என்டர். (ஸ்பேஸ் பாரும் என்டர் வேலையைச் செய்யும், பெருவிரலுக்குச் சுலபம்.) அடுத்து, எஃப்12 தட்டி டைனமிக் இன்புட்டை நிறுத்துங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால் இரண்டாவது புள்ளியிலிருந்து நீங்கள் தருவதையெல்லாம் முந்தைய புள்ளியிலிருந்து உள்ள தூரமாக எடுத்துக்கொள்ளும். படம் எங்கோ போய் நிற்கும், காரணமும் புரியாது. சில லேப்டாப்களில் எஃப்12க்கு எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

கண்ட்ரோல்+என் தட்டிப் புதுப் படம் திறந்துகொள்ளுங்கள். முதலில் சதுரம். எல் என்பது லைன் கட்டளை. பிறகு வரிசையாக 0,0 அடுத்து @10,0 அடுத்து @0,10 அடுத்து @-10,0 கடைசியில் சி. @ குறி வந்தால் "இப்போது நிற்கும் இடத்திலிருந்து" என்று பொருள். சி என்பது மூடு. திரையில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லையா? இஸட் என்டர், ஈ என்டர். வரைந்தது முழுவதும் திரையை நிறைக்கும்.

வட்டத்துக்கு சி, மையம் 5,5, ஆரம் 2.5. மண்டபத்துக்கு பி எல், பிறகு 0,1 அடுத்து @-8,0 அடுத்து @0,8 அடுத்து @8,0, முடிக்க வெறும் என்டர். இடப்பக்கம்தான் மேற்கு, எனவே மண்டபம் இடப்பக்கம் நீள்கிறது. மீண்டும் இஸட், ஈ கொடுத்து எல்லாவற்றையும் திரைக்குள் கொண்டுவாருங்கள். இது முக்கியம், ஏனென்றால் இனிமேல்தான் மவுஸ் இல்லாமல் முடியாது என்று பலரும் நினைக்கும் வேலை வருகிறது.

வாசல் திறக்க வேண்டும். அதற்கு பி ஆர், அதாவது பிரேக். "பொருளைத் தேர்ந்தெடு" என்று அது கேட்கும்போது மவுஸைத் தேட வேண்டாம். கோட்டின் மேல் உள்ள ஒரு புள்ளியை எண்ணாகவே கொடுங்கள்: 0,5.7. அந்தப் புள்ளி திரையில் தெரிந்தால் போதும், ஆட்டோகேட் அங்கே க்ளிக் செய்ததாகவே எடுத்துக்கொள்ளும். அடுத்த புள்ளி 0,4.3. சுவரில் 1.4 அகலத்துக்கு வாசல் விழுந்துவிடும்.

வட்டத்திலும் அதே அகல வாசல்: பி ஆர், 2.6,5.7 பிறகு 2.6,4.3. இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? மையத்திலிருந்து இடப்பக்கம் 2.4, மேலே 0.7. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டினால் 6.25, அது 2.5ன் வர்க்கம். பள்ளியில் படித்த பிதாகரஸ்தான். ஒரு எச்சரிக்கை: வட்டத்தைக் கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராகவே பிரேக் வெட்டும். மேல் புள்ளியை முதலில் தராமல் கீழ்ப் புள்ளியைத் தந்தால் கருவறை முழுவதும் போய், வாசல் துண்டு மட்டும் மிஞ்சும். அப்படி ஆனால் யு தட்டினால் பழையபடி வந்துவிடும். மண்டபத்தின் மேற்குச் சுவரில் வாசல் வைப்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறோம்.

இனி படத்தில் உலாவுவது. இஸட் கொடுத்து 2எக்ஸ் என்றால் இருமடங்கு பெரிதாகும், 0.5எக்ஸ் என்றால் பாதியாகும், பி என்றால் முந்தைய பார்வை. கருவறை வாசலை மட்டும் பார்க்க இஸட், பிறகு -1,3 அடுத்து 6,7. அந்த இரு மூலைகளுக்குள் உள்ளது மட்டும் தெரியும். பான் செய்ய, முன்னால் மைனஸ் குறி சேர்த்து -பி, பிறகு 0,0 அடுத்து 5,0. படம் வலப்பக்கம் 5 அலகு நகரும். மைனஸ் இல்லாமல் பி மட்டும் தட்டினால் கை அடையாளம் வந்து மவுஸுக்காகக் காத்திருக்கும். எஸ்கேப் தட்டி வெளியே வாருங்கள்.

அழிப்பது, நகர்த்துவது போன்றவற்றில் தேர்வு கேட்கும் இடத்தில் எல் என்றால் கடைசியாக வரைந்தது, பி என்றால் சற்று முன் தேர்ந்தெடுத்தது, ஏஎல்எல் என்றால் எல்லாமே.

சிரமம் எங்கே என்றால், வேறொருவர் வரைந்த படத்தில். எந்தக் கோடு எந்த எண்ணில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. அப்போது எல்ஐ, ஏஎல்எல் கொடுத்து இன்னொரு என்டர் தட்டுங்கள். ஒவ்வொரு பொருளின் புள்ளிகளும் பட்டியலாக வரும். எஃப்2 தட்டினால் பெரிய ஜன்னலில் படிக்கலாம். சின்னப் படத்துக்கு இது போதும். ஆயிரக்கணக்கான கோடுகள் உள்ள படத்துக்கு நிச்சயம் போதாது. முப்பரிமாண மாடலைச் சுழற்றிப் பார்ப்பதும் கீபோர்டில் அலுப்பான வேலைதான். அங்கெல்லாம் விண்டோஸின் மவுஸ் கீஸ் உதவும்: இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிப்ட், நம்லாக் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வலப்பக்க எண் கீகள் அம்பை நகர்த்தும், 5 க்ளிக் செய்யும். அப்போது ஆட்டோகேடுக்கான எண்களை மேல்வரிசையில் தட்டுங்கள்.

ஒரே மாதிரிப் படத்தை அடிக்கடி வரைபவர்கள் கட்டளைகளை நோட்பேடில் வரிக்கு ஒன்றாக எழுதி, எஸ்சிஆர் என்ற பின்னொட்டுடன் சேமித்து வைக்கலாம். ஆட்டோகேடில் எஸ் சி ஆர் என்று தட்டி அந்தப் பெயரைக் கொடுத்தால் படம் தானாக வரையப்படும். வெற்று வரி விட்டால் அது ஒரு என்டர். எனவே மண்டபத்தின் பி எல் பகுதிக்குப் பிறகு ஒரு வெற்று வரி வேண்டும். சி போட்டு மூடிய சதுரத்துக்கு வேண்டாம். ஓட்டும் முன் எஃப்3 தட்டி ஆப்ஜெக்ட் ஸ்நாப்பை அணைத்துவிடுங்கள். கையால் தட்டும் எண்ணை ஸ்நாப் தொந்தரவு செய்வதில்லை. ஆனால் ஸ்கிரிப்டிலிருந்து வரும் எண்ணைப் பக்கத்து மூலைக்கு இழுத்துவிடும்.