துண்டு மரத்தில் ஒரு மணை

உங்கள் வீட்டு அடுப்பில் இன்று என்ன எரிகிறது? விறகா? அதில் சிவப்பு நிறத் துண்டு ஏதாவது இருக்கிறதா? சற்றுப் பொறுங்கள். அதைத் தனியே எடுத்து வையுங்கள். அது படாக் மரமாக இருக்கலாம்.

படாக், அந்தமானின் பெருமை. உறுதியான மரம். கறையான் எளிதில் அரிக்காது. 1883ஆம் ஆண்டில் சாத்தம் தீவில் மரம் அறுக்கும் ஆலை தொடங்கியது. படாக் மரம் கடல் கடந்தும் போனது. 2002ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அந்தமான் காடுகளில் மரம் வெட்டக் கடும் கட்டுப்பாடு விதித்தது. காட்டைக் காக்கவே இந்தக் கட்டுப்பாடு. பெரிய மரம் வளர ஓர் ஆயுள் போதாது. அது எரிய ஒரு பொழுது போதும்.

திக்லிபூரில் ஓர் அக்கா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுப்பெரிக்கத் தச்சுப் பட்டறையில் துண்டு மரம் வாங்குகிறார்.

"அக்கா, இந்தப் பலகைகளை எரிக்காதீங்க. உட்கார மணை செய்யலாம்" என்கிறார் தச்சர்.

"எனக்கு அளவு பார்க்கத் தெரியாதே, தம்பி!"

"எண் படிக்கத் தெரியுமே! டேப்பில் இருப்பதும் அதே எண்தானே?"

நாமும் செய்வோமா?

தேவையானவை:
பலகை 2. நீளம் 40 செ.மீ., அகலம் 12 செ.மீ., கனம் 2 செ.மீ.
கட்டை 2. நீளம் 24 செ.மீ., அகலம் 4 செ.மீ., உயரம் 4 செ.மீ.
4 செ.மீ. நீளத் திருகாணி 8.

செய்முறை:
1. மரத்தை முதலில் நிழலில் நன்றாக உலர்த்துங்கள். தரையில் படாமல், காற்றுப் புகும்படி அடுக்குங்கள்.
2. அளந்து, கோடு போட்டு, அறுங்கள்.
3. உப்புத்தாளால் தேயுங்கள். படாக் தூள் கண்ணையும் மூக்கையும் உறுத்தும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.
4. இரு பலகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நடுவே சிறிது இடைவெளி விடுங்கள். மழைக்காலத்தில் மரம் அகலவாக்கில் உப்பும். இடைவெளி இல்லாவிட்டால் ஒன்றையொன்று தள்ளும்.
5. இரு முனைகளிலும் 5 செ.மீ. உள்ளே தள்ளி, அடியில் கட்டைகளைக் குறுக்காக வையுங்கள்.
6. முதலில் துளை போடுங்கள். பிறகு திருகாணியை முடுக்குங்கள். துளை இல்லாமல் முடுக்கினால் மரம் பிளக்கும்.
7. வார்னிஷ் பூசுங்கள்.

ஓர் எச்சரிக்கை. கடற்கரையில் கட்டைகள் ஒதுங்கும். 'யாருக்கும் சொந்தமில்லை' என்று எடுத்து வராதீர்கள். 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டப்படி, உரியவர் தம் உரிமையை நிரூபிக்கும் வரை அது அரசின் சொத்து. சந்தேகம் இருந்தால் வனத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். பட்டறையில் துண்டு வாங்கினால் ரசீது கேளுங்கள். அதைப் படித்துப் பார்த்துப் பத்திரமாக வையுங்கள்.

மணை முடிந்ததா? மிச்சத் துண்டில் துணி மாட்டும் பலகை செய்யலாம். அதிலும் மிஞ்சும் சிம்பு அடுப்புக்குப் போகட்டும்.

பயிற்சி
1. ஒரு மணைக்கு 8 திருகாணி. 5 மணைக்கு எத்தனை?
2. பலகைகளுக்கு நடுவே ஏன் இடைவெளி விடுகிறோம்?
3. உங்கள் வீட்டுப் பலகை ஒன்றின் நீள அகலத்தை அளந்து எழுதுங்கள்.