ஸ்பானிஷ் வினைச்சொற்கள்: எவ்வழியில் தொடங்குவது?

ஸ்பானிஷ் பாஷையைக் கற்கப் புகுவோர் முதற்கண் தீர்மானிக்க வேண்டியது, வினைச்சொற்களை எவ்வழியில் அணுகுவது என்பதே. ஏனெனில் அப்பாஷையில் எழுவாயை விட்டுவிட்டாலும், பேசுகிறேன், பேசுகிறாய் என்னும் நம் வழக்கைப் போலவே, வினையின் விகுதியே பேசுபவர் யாரென்று உணர்த்திவிடும்.

முதலாவது, அட்டவணை வழி. வினைகள் யாவும் ஆர், ஏர், ஈர் என முடியும் மூன்று வகுப்புகளுள் அடங்குவதால், பேசுதலைக் குறிக்கும் 'ஆப்லார்' என்பதை ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா, ஆப்லாமோஸ், ஆப்லாயிஸ், ஆப்லான் என்று மனனம் செய்தவர், அவ்வகுப்பின் ஒழுங்கான வினைகள் அனைத்தையும் நிகழ்காலத்தில் தடையின்றிப் பிரயோகிக்கலாம். ஆயினும், அன்றாடச் சம்பாஷணையில் அடிக்கடி வரும் செர், எஸ்தார், உடைமையைக் குறிக்கும் தெனேர், ஈர் ஆகியவை இந்த ஒழுங்குக்குக் கட்டுப்படாதவை என்பது இவ்வழியின் குறை.

இரண்டாவது, அவ்வடங்காத வினைகளிலிருந்தே தொடங்குவது. போதலைக் குறிக்கும் 'ஈர்' ஒன்றைக் கற்றால், 'வோய் ஆ ஆப்லார்', அதாவது பேசப் போகிறேன், என்று எதிர்காலத்துக்குரிய தனி விகுதிகளைக் கல்லாமலே எதிர்காலத்தைச் சொல்லிவிடலாம். செர், எஸ்தார் இரண்டும் 'இருத்தல்' என்னும் பொருளனவாதலின் சற்று நிதானம் வேண்டும். நிலையானதற்குச் செர், தற்காலிகமானதற்கு எஸ்தார் என்ற சூத்திரத்தை முழுவதும் நம்பலாகாது. மாட்ரிட் ஸ்பெயினில் இருப்பது நிலையான சங்கதியே ஆயினும் இடத்தைக் குறிப்பதால் எஸ்தாரே வரும். இறந்தவர் மீளார் எனினும், அவர் இறந்துவிட்டார் என்பதற்கும் 'எஸ்தா முவேர்த்தோ' என்பதே வழக்கு.

இவற்றோடு, எந்த நாட்டு வழக்கைக் கைக்கொள்வது என்பதையும் ஆரம்பத்திலேயே முடிவு செய்தல் நலம். நண்பர் பலரை விளிக்க ஸ்பெயினில் வழங்கும் 'ஆப்லாயிஸ்' போன்ற வடிவம் அமெரிக்க ஸ்பானிஷில் வழங்காமையால், மெக்சிகோ வழக்கைக் கற்பவருக்கு ஆறு வடிவங்கள் ஐந்தாகக் குறையும். அர்ஜென்டினாவிலோ, 'நீ' என்பதற்கு 'வோஸ்' என்ற சொல்லும் 'ஆப்லாஸ்' என்பதன் ஈற்றசை அழுத்தமும் தனியே பழக வேண்டியவை.

செர்வாந்தெஸ் நிறுவனத்தின் ஸ்பானிஷ் தகுதித் தேர்வாகிய தெலேயை நாடுபவர், எழுத்திலும் பிழையின்மை வேண்டப்படுவதால், அட்டவணையை ஒத்திப்போடலாகாது. யாத்திரைக்கோ பேச்சுக்கோ கற்பவர் அடங்காத நான்கு வினைகளையும் முதலில் வாக்கியங்களாகப் பழகி, அதன் பின்னர் ஆப்லாரின் அட்டவணைக்குச் செல்வதே உசிதம். வாயில் வாக்கியம் வந்தபின் கற்கும் விதி மனத்தில் எளிதில் தங்கும்.