எடை சரிதான், பெர்சன்தான் குறையுது

அப்பா தோட்டத்தில் பால் மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் கை சும்மா இருக்கவில்லை. கோலா கிளாவாங்கிலிருந்து தித்திக்குப் போகும் பக்கம் ஒரு சீனருடைய நாலு ஏக்கர் ரப்பரைப் பாதிக்குப் பாதி பங்குக்கு எடுத்து வெட்டினார். வாரம் ஒரு தடவை மங்குகளில் உறைந்த கட்டிப்பாலைச் சாக்கில் அள்ளிக்கொண்டு பால் கடைக்குப் போவார். பள்ளி விடுமுறையில் நானும் பின்னால் தொற்றிக்கொள்வேன். தராசு நேராகத்தான் நிற்கும், எடையில் ஒரு பிசகும் இருக்காது. பிறகு கடை முதலாளியான தவுக்கே ஒரு கட்டியை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்துவார். தண்ணீர் கசியும். “நாற்பத்தஞ்சு பெர்சன்” என்பார், தண்ணீர் போக மிஞ்சும் ரப்பரின் விழுக்காடு அது. அப்பா மனசில் ஐம்பது இருந்திருக்கும். திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளில் சொல்வார்: “எடை போட்டதுக்குக் காசு கேக்க மாட்டான்மா. பெர்சன்லதான் எடுத்துக்குவான்.”

வெளிநாட்டுப் பணம் வாங்க ஆரம்பித்து ஒன்றரை வருடம் கழித்துத்தான் அந்த வாக்கியம் எனக்குப் புரிந்தது.

நான் வீட்டிலிருந்தே இரண்டு வேலை செய்கிறேன். ஓர் அமெரிக்க நிறுவனத்துக்குத் தமிழ் வசன வரிகள் எழுதிக் கொடுக்கிறேன், டாலரில் சம்பளம். மாலையில் ஆஸ்திரேலியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் வகுப்பு. சிரம்பானில் வேலை பார்த்தால் தினமும் புக்கிட் தங்கா வளைவுகளில் ஏறி இறங்க வேண்டும். அதிலிருந்து தப்பித்த சந்தோஷத்தில், பணம் எந்த வழியாக வருகிறது என்று பார்க்கவே இல்லை. எல்லாரும் வைத்திருக்கும் ஓர் இணையப் பணப்பையில் வாங்கினேன். “வங்கிக்கு மாற்றக் கட்டணம் இல்லை” என்று போட்டிருந்தது. இலவசம் என்று நம்பினேன்.

2024 மே மாதம் ஒரு நாள் சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். 300 டாலருக்குப் பில் அனுப்பியிருந்தேன். பணத்தைப் பெற்றதற்கான தரகு 13 டாலர் 50 காசு போக 286.50 பையில் விழுந்தது. அது கண்ணுக்குத் தெரிந்த கட்டணம், போகட்டும். அன்றைக்கு ஒரு டாலருக்கு நடு விலை 4.72 வெள்ளி. (அரசாங்கத் தாளில் ரிங்கிட் என்றாலும் எங்கள் வாயில் வெள்ளிதான்.) பணப்பை எனக்குப் போட்ட விலை 4.54. வங்கியில் ஏறியது 1,300 வெள்ளி 71 காசு. நடு விலையிலேயே மாறியிருந்தால் 1,352 வந்திருக்கும். ஐம்பது வெள்ளிக்கு மேல் எங்கே போனது என்று ரசீது முழுவதும் தேடினேன். எந்த வரியிலும் இல்லை. கட்டணம் என்ற இடத்தில் சுழியம் இருந்தது. தவுக்கே கட்டியை அழுத்திப் பார்த்த அதே இடம்!

நடு விலை என்பது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் மத்தியில் இருப்பது. கூகுளில் தட்டினால் வருவது ஏறக்குறைய அதுதான். மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் தன் இணையத்தளத்தில் தினமும் மாற்று விகிதங்களை வெளியிடுகிறது. நம்மைப் போன்றவர்களுக்கு அந்த விலையிலேயே முழுசாக யாரும் மாற்றிக் கொடுப்பதில்லை. ஆனால் எவ்வளவு தள்ளிக் கொடுக்கிறார்கள் என்று அளக்க அதுதான் கோல். என் கணக்கு ஒரே வகுத்தல்தான்: கடைசியில் கையில் வந்த வெள்ளியை, பில்லில் எழுதிய டாலரால் வகுக்க வேண்டும். 1,300.71 வகுத்தல் 300, விடை 4.34. நடு விலை 4.72. எட்டு விழுக்காடு போயிருக்கிறது. விளம்பரம் எதைச் சொன்னாலும் இந்த எண் பொய் சொல்லாது.

அப்பாவிடம் சொன்னேன். உள்ளே போய்ப் பழைய பால் கணக்கு நோட்டை எடுத்து வந்தார். தேதி, எடை, பெர்சன், விலை, மொத்தம் என்று பென்சிலில் கோடு போட்ட ஐந்து கட்டங்கள். பின்பக்கம் பாதி காலியாக இருந்தது. இப்போது அதில்தான் நான் எழுதுகிறேன். எடைக் கட்டத்தில் டாலர், பெர்சன் கட்டத்தில் நடு விலையிலிருந்து எவ்வளவு குறைந்தது என்பது. தலைப்பை மாற்றக்கூட இல்லை.

நோட்டில் எழுத ஆரம்பித்ததும் அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று தெரிந்தது. ஆஸ்திரேலியப் பெற்றோர் அவர்கள் டாலரில்தான் கட்டணம் அனுப்புவார்கள். என் பணப்பையின் முதன்மை நாணயம் அமெரிக்க டாலர். வேறு நாணயம் வந்தால் தானாக மாற்றிக்கொள் என்று ஓர் அமைப்பு இருந்ததும், கணக்குத் திறந்த நாளில் படிக்காமல் அதற்குச் சரி என்று தட்டியதும் அப்புறம்தான் ஞாபகம் வந்தது. ஆக, ஆஸ்திரேலிய டாலர் முதலில் அமெரிக்க டாலராகும், பிறகு அது வெள்ளியாகும். ஒவ்வொரு தடவையும் மூன்றரை விழுக்காடு என்று வைத்தாலும் நூறு டாலரில் ஏழு கிட்டத்தட்டக் காலி. அமைப்புகளுக்குள் போய், வந்த நாணயத்தை அப்படியே வைத்திரு என்று மாற்ற இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இதைப் படிப்பவர்கள் வேறு எதையும் செய்யாவிட்டாலும் அந்த ஒன்றை மட்டும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

அடுத்து வங்கிக்கு நேராக டிடி, அதாவது தந்திவழிப் பரிமாற்றமாக, அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். அது ஸ்விஃப்ட் வழியாக வரும். ஸ்விஃப்ட் என்பது 1973இல் பெல்ஜியத்தில் தொடங்கியது. அது பணத்தைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை, வங்கிகளுக்கு இடையே செய்தியைத்தான் கொண்டுபோகிறது. அனுப்பும் வங்கிக்கும் நம் வங்கிக்கும் நேரடிக் கணக்கு இல்லையென்றால் நடுவில் இன்னொரு வங்கி உட்காரும். அதுவும் தன் கூலியை எடுத்துக்கொள்ளும். 500 டாலர் அனுப்பியதாகச் சொன்னார்கள், 482தான் வந்தது. வங்கி முகப்பில் இருந்த தம்பி பொறுமையாக விளக்கினார்: “அக்கா, அவங்க எஸ்.எச்.ஏ. போட்டுருக்காங்க. நடுவுல உள்ள செலவு உங்க தலையில. ஓ.யு.ஆர். போடச் சொல்லுங்க, அப்போ அனுப்புறவங்க எல்லாத்தையும் கட்டுவாங்க. எங்க போச்சுன்னு சந்தேகம்னா எம்டி103 காப்பி கேளுங்க.” அந்தத் தாளில் அனுப்பிய தொகை, யார் எவ்வளவு பிடித்தார்கள் என்ற விவரம் இருந்தது. அதுவரை நான் நிறுவனத்தின் மேல்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

வங்கிப் பலகையில் டாலருக்கு எதிரே இரண்டு மூன்று எண்கள் இருக்கும். பெரிய எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது, அது வங்கி நமக்கு விற்கும் விலை. நமக்கு வேண்டியது டிடி வாங்கும் விலை. அன்றைக்கு நடு விலை 4.70, வாங்கும் விலை 4.65. 482 டாலருக்கு அந்த விலை, அதில் ஐந்து வெள்ளி வங்கிக் கட்டணம் போக, என் வகுத்தலில் வந்தது 4.47. ஐந்து விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவான இழப்பு. இதையே நான்கு மாதச் சம்பளமாகச் சேர்த்து 2,000 டாலராக அனுப்பியிருந்தால் அதே பதினெட்டு டாலர்தான் நடுவில் போயிருக்கும், இழப்பு இரண்டு விழுக்காட்டில் நின்றிருக்கும். சிறு தொகைக்கு டிடி ஆகாது. நாலு மங்குப் பாலுக்கு லாரி பிடிப்பது மாதிரி.

இப்போது பெரும்பாலும் பல நாணயக் கணக்கு வழியாகத்தான் வாங்குகிறேன். இந்த யோசனை பிறந்த கதை எனக்குப் பிடிக்கும். லண்டனில் இரண்டு எஸ்டோனியர்கள். தாவெத் ஹின்ரிகுஸ் ஸ்கைப்பில் வேலை, சம்பளம் யூரோவில், செலவு பவுண்டில். கிறிஸ்டோ கேர்மனுக்குச் சம்பளம் பவுண்டில், ஊரில் வீட்டுக் கடன் கட்ட வேண்டும். இருவரும் அன்றைய நடு விலையைப் பார்த்து, இவர் அங்கே கட்ட, அவர் இங்கே கொடுக்க என்று தங்களுக்குள் முடித்துக்கொண்டார்கள். எல்லை தாண்டிப் பணம் போகவே இல்லை. 2011இல் அது டிரான்ஸ்ஃபர்வைஸ் என்ற நிறுவனமானது, 2021இல் பெயர் வைஸ் என்று சுருங்கியது. செட்டியார்களின் உண்டியல் முறை தெரிந்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் தெரியாது. இதே வகையில் வேறு சேவைகளும் உண்டு. எதைத் தேர்ந்தாலும் மூன்றைப் பார்க்கிறேன்: அமெரிக்க டாலருக்கு அமெரிக்காவிலேயே கணக்கு எண் தருகிறார்களா (தந்தால் அனுப்புபவருக்கு அது உள்ளூர்ப் பரிமாற்றம், நடு வங்கி கிடையாது), கட்டணத்தை விலைக்குள் ஒளிக்காமல் தனியாகக் காட்டுகிறார்களா, பேங்க் நெகாராவின் உரிமப் பட்டியலில் இருக்கிறார்களா.

சிங்கப்பூர்ப் பணத்துக்கு வழி இன்னும் சுலபம். 2023 நவம்பரில் நம் உடனடிப் பரிமாற்றச் சேவையான டுயிட்நவ்வையும் அவர்களுடைய பேநவ்வையும் இணைத்தார்கள். அங்கே இருக்கும் அக்கா என் கைப்பேசி எண்ணைத் தட்டினால், எனக்கு எத்தனை வெள்ளி வரும் என்று அனுப்பும் முன்பே அவளுக்குத் திரையில் தெரிகிறது. தொடக்கத்தில் வைத்த வரம்பு நாளுக்கு 1,000 சிங்கப்பூர் டாலர். எல்லா வங்கியும் அதில் இல்லை, ஆளுக்கு ஆள் அனுப்பும் சின்னத் தொகைகளுக்கானது. வீட்டுச் செலவுக்கு அது போதும்.

ஓர் ஆஸ்திரேலிய அம்மா மிகவும் நல்ல மனசுடன், “டீச்சர், உங்களுக்கு வசதியா ரிங்கிட்லயே அனுப்பிடவா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் ரிங்கிட்டில் அனுப்பினால் மாற்றம் அவருடைய வங்கியில், அவர்கள் சொல்லும் விலையில் நடக்கும். எனக்குத் தெரியாத தராசு அது. உங்கள் நாணயத்திலேயே அனுப்புங்கள், மூன்று மாதத்துக்குச் சேர்த்து அனுப்பினால் இன்னும் நல்லது என்றேன். அதிலிருந்து அப்படித்தான் வருகிறது.

என் தாத்தாவுக்கு இந்தத் தலைவலி எதுவும் இருந்ததில்லை. நாள் கூலி காசுக் கணக்கில் இருந்த 1930களில் அவர் ஊருக்கு மணியார்டர் அனுப்பியவர். மலாயாவில் புழங்கிய வெள்ளியை 1906இல் 2 ஷில்லிங் 4 பென்ஸுக்குக் கட்டிவைத்திருந்தார்கள், இந்திய ரூபாயை 1927இல் 1 ஷில்லிங் 6 பென்ஸுக்கு. இரண்டும் பவுண்டில் கட்டப்பட்டதால் ஒரு வெள்ளிக்கு ஒன்றரை ரூபாய்க்குச் சற்று மேல் என்ற கணக்கு வருடக்கணக்கில் அசையவில்லை. முதல் உலகப் போருக்கு முன் ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸாக இருந்தது, வெள்ளிக்கு ஒன்றே முக்கால் ரூபாய். அந்தப் பழைய விலையோடு பார்த்தால், தோட்ட லயத்திலிருந்து போன ஒவ்வொரு வெள்ளியிலும் மூன்று அணா குறைந்துபோயிற்று. தோட்டத்தில் யாருக்கும் காரணம் தெரிந்திருக்காது.

இத்தனை கற்றபின் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லியாக வேண்டும். 2024 பிப்ரவரியில் டாலர் 4.80ஐத் தொட்டது. ஐந்தாகிவிடும் என்று எல்லாரும் பேசினார்கள். ஜூனில் 4.70 இருக்கும்போது என் கணக்கில் 1,200 டாலர் இருந்தது. கட்டணத்தை மிச்சப்படுத்தத் தெரிந்துவிட்ட திமிரில், மாற்றாமல் வைத்திருந்தேன். ஜூலையில் இறங்கத் தொடங்கியது. திரும்ப ஏறும் என்று இருந்தேன். செப்டம்பர் கடைசியில் 4.12. பயந்துபோய் மாற்றினேன். கிட்டத்தட்ட 700 வெள்ளி போனது. பல மாதங்களாகக் காசு காசாகச் சேமித்த கட்டணத்தைவிட அது அதிகம். அப்பா கோபப்படவில்லை. “மூணு எண்பதுல கட்டி வச்சிருந்தானே, அந்தக் காலம் நெனப்பா?” என்றார். 1998 செப்டம்பரிலிருந்து 2005 ஜூலை வரை டாலர் 3.80ஐ விட்டு நகராமல் இருந்ததைச் சொல்கிறார். நான் வளர்ந்த காலம் அது. விலை என்றால் நிற்கும் என்ற எண்ணம் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது போல. இப்போது மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, விலை என்னவானாலும், வீட்டுச் செலவுக்கு வேண்டியதை மாற்றிவிடுகிறேன்.

மாற்றிய அன்றைய விலையையும் நோட்டில் குறிக்கிறேன், வருமான வரிக்கு அது வேண்டும். பணம் வெளிநாட்டிலிருந்து வருவதால் வரி இல்லை என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வேலையை இங்கே உட்கார்ந்து செய்தால் அது இந்த நாட்டு வருமானம்தான்.

போன மாதம் பக்கத்து வீட்டுத் தம்பி வந்தான். கைப்பேசி விளையாட்டுக்குப் படம் வரைந்து கொடுக்கிறானாம். கோலாலம்பூரில் ஒருவர், “உன் டாலரை என் கணக்குக்கு அனுப்பச் சொல், நடு விலையிலேயே ரொக்கமாக வெள்ளி தருகிறேன், ஒரு காசு கட்டணம் இல்லை” என்று சொல்லியிருக்கிறார். உரிமம் இல்லாமல் பணம் மாற்றுவது 2011 சட்டப்படி குற்றம், உனக்குத் தரும் ரொக்கம் யாருடைய பணம் என்று யோசித்தாயா, போலீஸ் ‘அக்கவுன் கெல்டாய்’ (பிறர் பணத்தைச் சுமக்கும் கழுதைக் கணக்கு) என்று தேடுவது இந்த மாதிரிக் கணக்குகளைத்தான் என்றெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்தேன். வாசல் ஐந்தடியில் சாய்ந்திருந்த அப்பா கண்ணைத் திறக்காமலே கேட்டார்: “கட்டணமே வாங்கலைன்னா, அவன் எந்தக் கட்டத்துல எடுத்துக்குறான், தம்பி?”

தம்பி நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தான். கட்டங்களைப் படம் பிடித்துக்கொண்டு போனான்.